அந்த முடி நமக்கு வராது

எங்கள் பார்லரில் மொத்தம் நான்கு நாற்காலிகள். முதலாவது அம்மாவுடையது, இரண்டாவது சித்தியுடையது. மூன்றாவதில் நான் தொழில் பழகிக்கொண்டிருந்தேன். நான்காவதில் ஆள் உட்கார்ந்து பார்த்ததே இல்லை; துவைத்த துண்டுகளை அதில்தான் குவித்து வைப்போம். அப்படியிருந்தும், சில பேர் மட்டும் கண்ணாடிக் கதவைத் தள்ளித் தலையை நீட்டினால் அம்மா முகம் கொள்ளாமல் சிரித்து, "ஐயோ, இன்னைக்கு ஃபுல்லா இருக்கே" என்பாள்.

அந்தச் சில பேர் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் இரண்டு வகை மனிதர்கள் உண்டு: நாங்கள், அவர்கள். அவர்கள் எங்களைவிட நல்ல கறுப்பு. முடி குட்டிக் குட்டி ஸ்பிரிங்காகச் சுருண்டு நெருக்கமாக நிற்கும். அவர்களுடைய தாத்தாக்கள் கப்பலில் வந்து இறங்கியவர்கள் என்று எங்கள் வீடுகளில் ஒரு மாதிரிக் குரலில் சொல்வார்கள். எங்கள் தாத்தாக்களும் கப்பலில்தான் வந்தார்கள். அது மட்டும் எப்படியோ பேச்சில் அடிபடுவதில்லை.

வந்தவர்கள் போனதும் அம்மா சிரிப்பை மடித்து உள்ளே வைத்துவிட்டு, "அந்த முடி நமக்கு வராது" என்பாள்.

"கத்துக்கிட்டா வந்துட்டுப் போகுது" என்பாள் சித்தி.

"ஆமா, நீ கத்துக்கிட்டுக் கிழிச்ச. மொதல்ல அந்தத் துண்டை மடி."

அம்மா வெளியே போயிருக்கும் நேரங்களில் நானும் அதே சிரிப்போடு "ஃபுல்லா இருக்கே" என்று சொல்லியிருக்கிறேன். தொழிலில் அதுவும் ஒரு பாடம் என்றுதான் நினைத்திருந்தேன்.

எதிர்வரிசையில் ஒரு எலெக்ட்ரிக் ரிப்பேர் கடை. அது அவர்களுடையது. மின்விசிறி, இஸ்திரிப் பெட்டி, ரேடியோ என்று எது படுத்தாலும் தெருவே அங்கேதான் தூக்கிக்கொண்டு ஓடும். எங்கள் ஹேர் டிரையர்களும் அங்கேதான் போகும். அவர்கள் கை எங்கள் டிரையரைத் தொடலாம். எங்கள் கை அவர்கள் தலையைத் தொடக் கூடாது. கணக்கு எங்கேயோ உதைக்கிறதே என்று எனக்கு உறைத்தது அந்தக் கடைப் பையனைப் பார்த்த பிறகுதான்.

முதல் நாள் நான் டிரையரைக் கொண்டுபோனபோது அவன் கல்லாவுக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். டிரையரின் பின்மூடியைக் கழற்றி, உள்ளேயிருந்து ஒரு கொத்து முடியை உருவினான். உருவ உருவ வந்துகொண்டே இருந்தது.

"இது ரிப்பேர் இல்ல. இதுக்குள்ள ஒரு ஆளே இருக்காங்க" என்றான்.

"எங்க கஸ்டமரா இருக்கும்."

"பாவம், வீட்டுல தேடிக்கிட்டு இருப்பாங்க."

நான் சிரித்துவிட்டேன். அவனும் சிரித்தான். ஒரு பல் மட்டும் வரிசையை விட்டு வெளியே வந்து வேடிக்கை பார்த்தது. அவ்வளவுதான். அதற்குமேல் எனக்கு ஒன்றும் தேவைப்படவில்லை.

அந்த முதல் தடவை டிரையர் நிஜமாகவே பழுது. இரண்டாவது தடவை பாதி நிஜம். அதற்கப்புறம் ஒயரைப் பிடித்து இழுத்தது யார் என்று என்னைக் கேட்காதீர்கள்.

"என்னடி இது, எல்லா டிரையரும் சொல்லி வச்ச மாதிரி சாகுது?" என்று அம்மா கவலைப்பட்டாள்.

"பாப்பாகிட்ட குடுக்கா. ஃபியூஸ் தம்பி பார்த்துக் குடுப்பான்" என்றாள் சித்தி. 'ஃபியூஸ் தம்பி' என்பது அவள் வைத்த பேர். சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையில் எவ்வளவு தெரிந்திருந்தது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

அவன் எனக்கு வைத்த பேர் கத்திரி. கடையின் பின்பக்கம், பழைய மின்விசிறிகள் அடுக்கிய அலமாரிக்குப் பின்னால்தான் எங்கள் ராஜ்ஜியம். அங்கே அரைமணி நேரம் பேசி முடித்துவிட்டுத் தெருவுக்கு வந்தால் யாரோ எவரோ. ஒரே பஸ்ஸில் ஏற நேர்ந்தால் அவன் முன்னால் நிற்பான், நான் பின்னால் நிற்பேன்.

"அத்தை இன்னைக்கு நல்ல மூடா?" என்று என் அம்மாவை விசாரிப்பான்.

"எங்க அத்தை எங்கே, காணோம்?" என்று நான் அவன் அம்மாவை விசாரிப்பேன். கேலிதான். ஆனாலும் சொல்லி முடித்ததும் காது மடல் சூடாகிவிடும்.

அவன் அம்மாதான் கடையின் முதலாளி. மின்சாரம் வருகிறதா என்று பார்க்கும் டெஸ்டரைக் கொண்டைக்குள் செருகி வைத்திருப்பார். குனிந்தாலும் நிமிர்ந்தாலும் அது விழாது. தேவைப்படும்போது உருவி, வேலை முடிந்ததும் மறுபடி செருகிக்கொள்வார். எங்களைப் பற்றி அவரும் ஒரு பாடம் வைத்திருந்தார்: "அவங்க சிரிச்சாங்கன்னா, சீக்கிரம் வெளிய வந்துடு." மகனுக்குச் சின்ன வயதிலேயே சொல்லிக் கொடுத்திருந்தாராம். அவன் அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். நான்தான் அன்றைக்குச் சிரிக்கவில்லை.

பிறகு அவனுக்கு இன்டர்வியூ வந்தது. வேறு ஊரில் மின்சாரப் பயிற்சிப் பள்ளி. தேர்வானால் அங்கேயே தங்கிப் படிக்க வேண்டும்.

"போறதுக்கு முன்னாடி உங்க அம்மாகிட்ட சொல்லிடு. நானும் எங்க அம்மாகிட்ட சொல்லிடறேன்" என்றான்.

"சொல்லலைன்னா?"

"சொல்லலைன்னா இதோட விட்டுடலாம் கத்திரி." ஒரு மின்விசிறி இறக்கையைச் சுற்றிவிட்டான். "இதுங்களுக்குப் பின்னாடி ஒளிஞ்சு ஒளிஞ்சு எனக்குத் தும்மல்தான் மிச்சம். என்னைப் பார்த்தா ஒளிச்சு வைக்கற பொருள் மாதிரியா இருக்கு?"

விளையாட்டாகத்தான் கேட்டான். ஆனால் அந்த வெளியே நிற்கும் பல் தெரியவில்லை.

"நாளைக்குச் சொல்றேன்" என்றேன்.

நாளைக்கு வந்தது, போனது. அதற்கடுத்த நாளைக்கும் வந்து போனது. அம்மா நல்ல மனநிலையில் இருந்தால் கெடுக்க மனம் வராது. கோபமாக இருந்தால் பக்கத்தில் போகவே பயம். இந்த இரண்டைத் தவிர அம்மாவுக்கு வேறு மனநிலை கிடையாது.

வாயால் செய்ய முடியாததைக் கையாலாவது செய்யலாம் என்று ஒரு யோசனை வந்தது.

"இந்தத் தலையோடவா இன்டர்வியூ போகப் போற?" என்று கேட்டேன்.

"எங்க அம்மா வெட்டிவிடுவாங்க."

"நான் வெட்டறேன். எங்க கடையில, நாற்காலில உக்கார வச்சு."

"எங்க ஆளுங்க ஒருத்தர்கூட அதுல உக்காந்ததில்ல" என்றான்.

"அப்போ நீ உக்காரு."

ஞாயிற்றுக்கிழமை மதியம் பார்லருக்கு விடுமுறை. சாவி என்னிடம் இருந்தது. திரையை இழுத்துவிட்டு அவனைத் தலை அலசும் பேசின் அருகே சாய்த்து உட்காரவைத்தேன். வெந்நீர், நல்ல ஷாம்பு, இரண்டு தடவை அலசல். கண்ணை மூடிக்கொண்டு, "இவ்வளவு சொகமா இருக்கும்னு தெரிஞ்சிருந்தா எப்பவோ கதவை உடைச்சுக்கிட்டு வந்திருப்போமே" என்றான்.

ஈர முடியைச் சீப்பால் இழுத்தேன். அது நீண்டது. நீண்டது என்றால், காதைத் தாண்டி இறங்கியது. இத்தனை முடியை இவன் எங்கே சுருட்டி வைத்திருந்தான் என்று ஆச்சரியமாக இருந்தது. எனக்குக் கற்றுத் தந்த முறை ஒன்றுதான்: அலசு, சீவு, இரண்டு விரலுக்கு நடுவில் பிடி, நேர்கோட்டில் வெட்டு. வரி பிசகாமல் அப்படியே செய்தேன். கண்ணாடியில் ஒரு கதாநாயகன் தெரிந்தான்.

"டிரையர் போடு" என்றான். "உங்க கடையில உயிரோட இருக்கறது ஏதாவது மிச்சமிருந்தா."

போட்டேன். காற்றுப் பட்டதும் முடி மேலே ஏறத் தொடங்கியது. இடது பக்கம் கொஞ்சம் ஏறியது. வலது பக்கம் போட்டி போட்டுக்கொண்டு ஏறியது. பின்மண்டையில் ஒரு பள்ளம் விழுந்து தோல் தெரிந்தது. உச்சியில் ஒரு தீவு மட்டும் தனியாக நின்றது. பயந்துபோய் டிரையரை நிறுத்தினேன். நிறுத்தியும் ஏறிக்கொண்டிருந்தது.

அவன் கண்ணாடியை நிதானமாகப் பார்த்தான். "கத்திரி."

"ம்."

"இது ஏதாவது புது ஸ்டைலா?"

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவனோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று நான் சரி செய்யப் பார்த்தேன். பள்ளம் இரண்டானது. கையைப் பிடித்து நிறுத்திவிட்டான்.

"உங்க அம்மா சொல்றது சரிதான். இந்த முடி உங்களுக்கு வராது."

நான் அதை அவனிடம் சொன்னதே இல்லை. "உனக்கு எப்படித் தெரியும்?"

"கண்ணாடிக் கதவுதானே. வெளிய நின்னாலும் காது கேக்கும்." சிரித்துக்கொண்டே தொப்பியை இழுத்து மாட்டிக்கொண்டு போய்விட்டான். திரையைத் திறக்கக்கூடத் தோன்றாமல் நான் தரையைப் பெருக்கினேன்.

மறுநாள் பார்லரில் நல்ல கூட்டம். முதல் நாற்காலியில் பேங்க் மேடம். தலைமுடிக்குச் சாயம் பூசி, மேலே வெள்ளித்தாள் மடித்து மடித்துச் சுற்றி, ஊறுவதற்காக உட்காரவைத்திருந்தோம். சித்தி ஒரு கல்லூரிப் பெண்ணுக்கு நூலால் புருவம் எடுத்துக்கொண்டிருந்தாள். கதவு திறந்தது. அவன் அம்மா. ஒரு கையில் அவனுடைய மணிக்கட்டு. அவன் தலையில் தொப்பி.

அம்மாவின் முகத்தில் சிரிப்பு தானாக வந்து உட்கார்ந்தது. "ஐயோ, இன்னைக்கு ஃபுல்…"

"தெரியும்மா. நான் வெட்டிக்க வரலை. வெட்டினதைக் காட்ட வந்தேன்" என்று தொப்பியை உருவினார்.

சித்தி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

"நனைச்சு வெட்டியிருக்காங்க. காஞ்சா மேல ஏறிடும்னு எங்க வீட்டுச் சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். அதனால எங்க ஆளுங்க வெட்டினதில்ல. அப்புறம், ராத்திரி பூரா இவன் தலையில வந்த வாசனை இருக்கே, அது இதோ இந்த ஷாம்பு பாட்டில் வாசனை."

"நானே வெட்டிக்கிட்டேன்னு சொல்றேன்லம்மா" என்றான் அவன்.

"பின்மண்டையை நீயே வெட்டினியா? உனக்கென்ன முதுகுல கண்ணா?"

அம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "நீங்க இடம் மாறி வந்துட்டீங்க. எங்க கடையில உங்க ஆளுங்களுக்கு வெட்டுறதே கிடையாதே!"

ஏதோ நல்ல பேர் வாங்கித் தரும் சாட்சியைப் போலத்தான் சொன்னாள். சொல்லி முடித்த பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது.

"அப்பாடா" என்றார் அவன் அம்மா. "இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான் நேரா சொல்லியிருக்கீங்க. நான் கடை திறந்த புதுசுல ஒரு நாள் வந்தேன். ஞாபகமிருக்கா? எதிர்க் கடைக்காரங்க, பழகிக்கலாமேன்னு ஆசையா வந்தேன். ஃபுல்னு சொன்னீங்க. மூணு நாற்காலி காலியா இருந்துச்சு. எனக்கு எண்ணத் தெரியாதுன்னு நினைச்சீங்களா?"

அம்மா சீப்புகளை வரிசைப்படுத்தினாள். ஏற்கெனவே வரிசையாக இருந்த சீப்புகள்.

அவன் என்னைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினான். வேண்டாம் என்று அர்த்தம். வழி சுலபமாகத்தான் இருந்தது. அவன் இல்லையென்று சொல்லியாகிவிட்டது. அம்மாவும் இல்லையென்று சொல்லியாகிவிட்டது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், எல்லாரும் அவரவர் கடைக்குப் போவோம். அவன் இன்டர்வியூவுக்குப் போவான், பிறகு அந்த ஊருக்குப் போவான். நான் நாளைக்கு, நாளைக்கு என்று இங்கேயே துண்டு மடித்துக்கொண்டிருப்பேன்.

"நான்தான் வெட்டினேன், அத்தை" என்றேன்.

சித்தியின் கையிலிருந்த நூல் அறுந்தது. பேங்க் மேடம் வெள்ளித்தாள் சரசரக்கத் திரும்பினார்.

"என்னடி சொன்ன?" என்றாள் அம்மா.

"ஞாயித்துக்கிழமை, கடையில வச்சு, நான்தாம்மா…"

"அது கிடக்கட்டும். அவங்களை ஒரு வார்த்தை சொல்லிக் கூப்பிட்டியே, அது என்ன?"

இனி ஒளிக்க என்ன இருக்கிறது? "எனக்கு இவனைப் பிடிக்கும்மா. இவனுக்கும் என்னைப் பிடிக்கும். ரொம்ப நாளா சொல்லணும்னு நினைச்சேன். பயமா இருந்துச்சு."

தன் அம்மாவின் பிடியிலிருந்து கையை விடுவித்துக்கொண்டு அவன் என் பக்கத்தில் வந்து நின்றான். தும்மல் வராத ஓர் இடத்தில் நாங்கள் சேர்ந்து நின்றது அதுதான் முதல் தடவை.

"நடக்காது" என்றாள் அம்மா.

"நடக்காது" என்றார் அவன் அம்மா, அதே நொடியில்.

எதிரெதிராகக் கடை வைத்த இத்தனை வருடத்தில் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அது. ஒத்துப்போனதே பிடிக்காமல் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டார்கள்.

"உங்க பையன் என் பொண்ணு மனசைக் கெடுத்து…"

"உங்க பொண்ணு என் பையன் மண்டையையே கெடுத்து வச்சிருக்கா, நீங்க பேசறீங்க!"

"நாலு பேருக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"எங்க நாலு பேர் மட்டும் உங்களைத் தலையில தூக்கி வச்சு ஆடப் போறாங்களா?"

"நல்லா கேட்டீங்க" என்றாள் சித்தி. அம்மா பார்த்த பார்வையில் உடனே புருவத்துக்குத் திரும்பினாள்.

அவன் அம்மா மகனுடைய தலையை மறுபடி பார்த்தார். குரல் இறங்கியது. "நாளைக்கு இவனுக்கு இன்டர்வியூ. சாதாரணமாப் போனாலே எங்க பசங்களை மேலயும் கீழயும் பார்ப்பாங்க. இந்தத் தலையோட போய் நின்னா கேள்வியே கேக்க மாட்டாங்க. சிரிச்சே அனுப்பிடுவாங்க."

அதைக் கேட்டுக்கொண்டு சும்மா நிற்க முடியவில்லை. என் நாற்காலியை இழுத்துப் போட்டேன். "உக்காரு" என்றேன். அவன் உட்கார்ந்தான். தண்ணீர் பாட்டிலைத் தள்ளி வைத்துவிட்டு, சீப்பும் கத்திரியும் மட்டும் எடுத்துக்கொண்டேன்.

பேங்க் மேடம் அம்மா பக்கம் சாய்ந்து, நமக்குள் பேசிக்கொள்ளும் குரலில் கேட்டார்: "ஏங்க, அந்தச் சீப்பைத்தான் எனக்கும் போடுவீங்களா?"

அம்மா வாடிக்கையாளரிடம் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. அன்றைக்கும் உயர்த்தவில்லை. "அது என் பொண்ணு கையில இருக்கற சீப்பு. அழுக்குச் சீப்பு எங்க கடையில கிடையாது மேடம்."

"நான் சீப்பைச் சொல்லலைங்க."

"தெரியும்" என்றாள் அம்மா. "நீங்க எதைச் சொன்னீங்கன்னு தெரியும். நானும் அதையேதான் சிரிச்சுச் சிரிச்சு சொல்லிக்கிட்டிருந்தேன். இன்னொருத்தர் வாயால கேட்டா நல்லாவே இல்ல."

பேங்க் மேடம் விருட்டென்று எழுந்தார். கோபித்துக்கொண்டு போவதற்கான எல்லாம் அவரிடம் இருந்தது, தலையைத் தவிர. வெள்ளித்தாளோடு தெருவில் இறங்க முடியாது. சாயமும் இன்னும் பிடித்திருக்கவில்லை. கண்ணாடியில் தன்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, மறுபடி உட்கார்ந்து ஒரு பத்திரிகையால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

நான் வெட்டினேன். காய்ந்த முடியில், நுனி நுனியாக. ஒரு பக்கம் அவன் அம்மா நின்றார்: "அவசரப்படாதே. இழுக்காதே. அது எப்படி நிக்குதோ அப்படியே வெட்டு." மறுபக்கம் அம்மா நின்றாள்: "விரலை நேரா வை. கழுத்துக்கிட்ட பார்த்து." இரண்டு பேர் சொல்வதையும் ஒரே நேரத்தில் கேட்க முடியாததால் அவனுடைய தலை சொல்வதை மட்டும் கேட்டேன். தீவு கரைந்தது. பள்ளங்களுக்குத் தக்கபடி மீதியெல்லாம் இறங்கி வந்தது. கடைசியில் மிகக் குட்டையான, ஆனால் ஒரே சீரான தலை ஒன்று கிடைத்தது.

"ஃபியூஸ் தம்பி, இவ்வளவு பெரிய காதை இத்தனை நாள் எங்கே மறைச்சு வச்சிருந்த?" என்றாள் சித்தி.

அவன் அம்மா மகனின் தாடையைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. தொப்பியைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"நான் ஒத்துக்கிட்டேன்னு நினைச்சுக்காதீங்க. தலையைச் சரி பண்ணிக்கிட்டுப் போறேன், அவ்வளவுதான்."

"நானும் ஒண்ணும் ஒத்துக்கலை" என்றாள் அம்மா.

வாசல்வரை போனவன் திரும்பி நின்றான். கடை முழுக்கக் கேட்கும்படி, "நாளைக்குக் காலைல முதல் பஸ்ல போறேன். ஸ்டாண்டுக்கு வர்றியா?" என்று என்னைக் கேட்டான்.

பத்திரிகைகூட ஒரு அங்குலம் இறங்கியது. நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் துடைப்பத்தை எடுத்து என் நாற்காலியைச் சுற்றிப் பெருக்க ஆரம்பித்திருந்தாள். குனிந்தபடியே, "கடை திறக்கறதுக்குள்ள வந்துடணும்" என்றாள்.

மறுநாள் தெருவின் இந்த முனையிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவனோடு ஒரே வரிசையில் நடந்தேன். ரொட்டிக்கடைக்காரர் பார்த்தார். செய்தித்தாள் போடுகிறவர் சைக்கிளை மெதுவாக்கிப் பார்த்தார். அம்மா சொன்ன அந்த நாலு பேரில் இரண்டு பேராவது மாடியிலிருந்து பார்த்திருப்பார்கள். அவன் அம்மா பத்தடி பின்னால் பையோடு வந்தார். எங்களோடு வருகிறாரா, எங்களைக் காவல் காக்கிறாரா என்று சொல்ல முடியாத தூரம். மின்விசிறிகளுக்குப் பின்னால் வாய் ஓயாமல் பேசிய நாங்கள் வெளிச்சத்தில் பேச ஒன்றும் அகப்படாமல் நடந்தோம்.

"பயமா இருக்கா?" என்றேன்.

"இன்டர்வியூவுக்கா, இதுக்கா?"

"ரெண்டுக்கும்தான்."

"இன்டர்வியூவுக்குப் பயமில்ல" என்றான்.

பஸ் கிளம்பி வளைவில் மறையும்வரை நின்றிருந்தேன். அவன் அம்மாவும் நின்றிருந்தார். நான் நகரும்வரை அவரும் நகரவில்லை.

திரும்பி வந்தபோது கடை திறந்தாகிவிட்டது. அம்மா வாசலில் நின்றிருந்தாள். தாமதத்துக்கு வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராகப் படியேறினேன்.

"உக்கார இடம் கிடைச்சுதா அவனுக்கு?" என்று கேட்டாள்.

"ஜன்னலோரம்" என்றேன்.

"ம்" என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போனாள்.